அம்மாவின் கூறையும் சலவைச் சீட்டும்

முகத்துவாரத்தில் குடியிருப்பவர்களுக்கு உப்புக் காற்றைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. களனி கங்கை கடலோடு கலக்கும் இடம் என்பதால் வந்த பெயர் இது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல், நடுவே மீன்பிடித் துறைமுகம். யன்னல் கம்பி துருப்பிடிக்கும். உப்புப் போத்தல் கசியும். அலுமாரியில் மடித்து வைத்த உடுப்பை ஒரு மாரிகாலம் வெளியே எடுக்காமல் விட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு றங்குப்பெட்டிக்குள் முப்பது வருடம் ஒன்றும் ஆகாமல் கிடந்த அம்மாவின் கூறைச்சீலை, கொழும்புக்கு வந்த பத்து வருடத்தில் புள்ளி புள்ளியாய்ப் பூத்துப் போனதற்கு இதுவே காரணம்.

அந்தக் கூறையை 2007ஆம் ஆண்டில் ஒரு சலவைக் கடையில் கொடுத்து நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு துணிக்காக இவ்வளவு எழுத வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். அன்று என்னிடமும் பலர் அதையே கேட்டார்கள்.

அம்மா 1956இல் கட்டிய கூறை அது. அரக்குச் சிவப்பு, சரிகைக் கரை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது, அம்மா கையில் எடுத்தது இரண்டே பொருட்கள். ஒன்று காணி உறுதி. மற்றது, எனது கணவரின் கலியாண வேட்டியில் சுற்றிய இந்தக் கூறை. 1990இல் வீட்டை விட்டுப் போன அவர் திரும்பி வரவில்லை. அந்த வேட்டியை நான் அம்மாவிடம்தான் கொடுத்து வைத்திருந்தேன். மழையில் நனைந்து, நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாக நெரிபட்டு, தென்மராட்சி, வன்னி, வவுனியா என்று அலைந்து 1997இல் நாங்கள் கொழும்புக்கு வந்து சேர்ந்தபோது, கூறையின் ஒரு முனை கிழிந்திருந்தது. இனி எவரும் அதை உடுக்க முடியாது.

எனக்குத் தெரிந்த தொழில் தையல். ஆறு யார் கூறையில் கிழிந்த முனையை வெட்டிவிட்டு, மிச்சத்தை இரண்டாக்கிப் பக்கம் பக்கமாக இணைத்தேன். அடிப்பக்கத்துக்கு அந்த எட்டு முழ வேட்டி. இரண்டுக்கும் நடுவே மெல்லிய பருத்திப் பஞ்சு. மெசினில் ஓட்டினால் பட்டு அறுந்துவிடும் என்று, முழுவதையும் கையாலேயே நூலோட்டம் போட்டுத் தைத்தேன். மூன்று மாதம் எடுத்தது. கட்டில் விரிப்பாக முடித்தபோது நீளம் 70 அங்குலம், அகலம் 86. வழக்கம்போல எனது அளவுக் கொப்பியில் அதைக் குறித்து வைத்தேன். அந்தக் குறிப்பு பின்னர் எனக்கு எவ்வளவு உதவப்போகிறது என்று அப்போது தெரியாது.

1999இல் அம்மா படுக்கையில் விழுந்தார். கடைசிக் கிழமை அதைத்தான் தன்மேல் போர்த்திவிடச் சொன்னார். ஒரு பக்கம் தன் கூறை, மறுபக்கம் மருமகனின் வேட்டி. செவ்விளநீர் தவிர வேறொன்றும் தொண்டையால் இறங்கவில்லை. அம்மா போன பின் விரிப்பைக் காற்றில் உலர்த்தி மடித்து வைத்தேன். கறை எதுவும் தெரியவில்லை.

கடையில் கொடுத்தது

2007இல் மூத்த மகளுக்குக் கலியாணம் நிச்சயமானது. கலியாணத்தன்று அந்த விரிப்பைக் கட்டிலில் விரிக்க வேண்டும் என்பது அவளது ஆசை. சித்திரை வருடப்பிறப்பு முடிந்து எடுத்துப் பார்த்தால், பட்டின் மேல் சாம்பல் நிறப் புள்ளிகள். சரிகையில் பச்சை பாரித்திருந்தது. வீட்டில் தோய்க்கப் பயமாக இருந்தது. பட்டைத் தண்ணீரில் போடாதே, 'டிரை கிளீனிங்' கொடு என்று எல்லோரும் சொன்னார்கள். நகரத்தில் பெரிய பெயர்ப்பலகை வைத்திருந்த ஒரு கடைக்குக் கொண்டுபோனேன்.

கடையில் நின்ற பொடியன் விரிப்பை விரித்தும் பார்க்கவில்லை. 'பெட்சீட் 1' என்று எழுதி, 650 ரூபா வாங்கிக்கொண்டு சீட்டைத் தந்தான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. இது ஐம்பது வருடப் பட்டு, அடியில் வெள்ளைப் பருத்தி, நடுவில் பஞ்சு, நோயாளி போர்த்திக் கிடந்தது என்று எதையும் சொல்லவில்லை. பெரிய கடை, அவர்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன். என் முதல் பிழை அது.

இரண்டு கிழமை கழித்துப் போனேன். பொலித்தீன் உறையில் மடித்துத் தந்தார்கள். அங்கேயே பிரித்துப் பார்க்காமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தது இரண்டாவது பிழை.

வீட்டில் கட்டிலில் விரித்தபோது மகள்தான் முதலில் 'ஐயோ' என்றாள். கூறையின் சிவப்பு ஊறி, வேட்டியின் வெள்ளை முழுவதும் திட்டுத் திட்டாக இளஞ்சிவப்பாகியிருந்தது. பட்டு, மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோடு கோடாக வெடித்திருந்தது. சரிகை கறுத்திருந்தது. பஞ்சு அங்கங்கே திரண்டு கட்டியாகியிருந்தது. எல்லாவற்றிலும் மேலாக, முன்பு இல்லாத ஒரு மண்ணிறக் கறை, நெஞ்சுக்கு நேரே வரும் இடத்தில், உள்ளங்கை அளவில்.

மறுநாள் கடைக்குப் போனேன். முகாமையாளர் மரியாதையாகத்தான் பேசினார். "பழைய துணி மிஸ். அது உங்கட துணியின்ட பிழை. நாங்க என்ன செய்ய?" என்றவர், சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சின்ன ஆங்கில எழுத்தில் அச்சடித்திருந்தது: பழைய துணிக்கும் சாயம் போவதற்கும் கடை பொறுப்பில்லை, வேறு எந்தச் சேதத்துக்கும் சலவைக் கூலியின் பத்து மடங்குக்கு மேல் கிடையாது. நான் ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தேன்.

அயலில் உள்ளவர்கள் ஆறுதல் சொன்னார்கள். "வீடு வாசலே போச்சுது. இதுக்குப் போய் அழுறியளே அக்கா?" என்றாள் ஒருத்தி. அவள் சொன்னதில் பிழையில்லை, அவளும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவள்தான். ஆனாலும் அந்தச் சொல் எனக்குள் நின்று உறுத்தியது. வீடு போனதற்கு யாரிடமும் போய்க் கேட்க முடியவில்லை. கணவர் போனதற்குக் கேட்ட இடங்களில் பதில் வரவில்லை. அதற்காக, 650 ரூபா காசு கொடுத்துச் செய்யச் சொன்ன ஒரு வேலை கெட்டுப்போனதையும் நான் கேட்கக் கூடாதா?

டோபி ஐயா சொன்னது

எங்கள் ஒழுங்கையின் முனையில் ஒரு வயதான சலவைத் தொழிலாளி சிரட்டைக்கரி ஸ்திரிக்கைப் பெட்டி வைத்து உடுப்பு மினுக்கிக் கொடுப்பார். எல்லோரும் அவரை 'டோபி' என்று அழைப்பார்கள். நான் 'ஐயா' என்பேன். சரிகைக்கு ஏதும் வழி இருக்குமா என்று கேட்க, விரிப்பை அவரிடம் கொண்டுபோனேன்.

அவர் சரிகையைப் பார்க்கவில்லை. முதலில் தையலோரத்தை மூக்கருகே பிடித்து மணந்தார். பிறகு பஞ்சுக் கட்டிகளை விரலால் நசித்துப் பார்த்தார். வேட்டிப் பக்கத்தைத் திருப்பி வெயிலில் பிடித்தார்.

"அம்மா, இது டிரை கிளீன் பண்ணின துணி இல்ல. தண்ணியில போட்டிருக்காங்க" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஒவ்வொன்றாகக் காட்டினார். டிரை கிளீனிங் செய்த துணியில் ஒருவித மருந்து மணம் வரும், இதில் சலவைத்தூள் மணம் வருகிறது. சிவப்பு நிறம் பரவிய இடத்தின் விளிம்பில் கரை கட்டியிருக்கிறது, தண்ணீர் ஊறிக் காய்ந்த அடையாளம் அது. உள்ளே வைத்த பஞ்சு முன்பு ஒருபோதும் நனையாதது, இப்போது தண்ணீர் குடித்துச் சுருங்கியிருக்கிறது. "அளந்து பாருங்க, குறைஞ்சிருக்கும்" என்றார். வீட்டுக்கு ஓடிப்போய் அளவுக் கொப்பியையும் நாடாவையும் கொண்டுவந்தேன். 70 அங்குலம் என்று எழுதியிருந்த நீளம் இப்போது அறுபத்தேழரை.

மண்ணிறக் கறையைக் காட்டி இது என்ன ஐயா என்றேன். சிறிது நேரம் பார்த்தார். "இது அவங்க போட்ட கறை இல்லம்மா. ஏற்கனவே உள்ள இருந்திருக்கு. இளநியோ, சீனி போட்ட ஏதோ ஒண்ணோ சிந்தியிருக்கும். காய்ஞ்சா கண்ணுக்குத் தெரியாது. சூடு பட்டா வெளிய வரும்."

அந்த இடத்தில் நின்றபடியே நான் அழுதேன். எட்டு வருடமாக அந்தத் துணிக்குள் இருந்தது, அம்மாவின் வாயிலிருந்து வழிந்த செவ்விளநீர்.

எங்கள் ஊரில் துணி வெளுத்தவரைக் கட்டாடியார் என்று சொல்வோம். எந்த வீட்டுத் துணி என்று சேங்கொட்டையால் குறி போடுவார். எதை வெள்ளாவியில் வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். பிறப்பு, சாமத்தியம், கலியாணம், செத்த வீடு எல்லாவற்றுக்கும் அவர் வர வேண்டும். ஆனால், முற்றத்துக்கு மேலே ஏற விட்டதில்லை. பெயர் சொல்லி ஒருமையில் அழைப்போம். எங்கள் வீட்டுத் துணிகளின் கதையெல்லாம் தெரிந்த மனிதரை அப்படித்தான் நடத்தினோம். இடம்பெயர்ந்து வந்து, யாருடைய வாசலிலும் கைகட்டி நிற்க நேர்ந்த பின்புதான் எனக்கு அது உறைத்தது. அன்று ஐயாவை வீட்டுக்குள் கூட்டிவந்து கதிரையில் இருத்தித் தேநீர் கொடுத்தேன்.

உலர் சலவை என்றால் என்ன?

ஐயா சொன்னதைக் கேட்ட பிறகு நானும் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டேன். 'டிரை' என்று பெயர் இருந்தாலும் அது உலர்ந்த வேலை அல்ல. தண்ணீருக்குப் பதிலாக, எண்ணெயையும் கொழுப்பையும் கரைக்கும் ஒரு திரவத்தில் துணியை நனைத்து எடுப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் ஜோலி என்பவர் வீட்டில் மேசைவிரிப்பின் மேல் விளக்கெண்ணெய் ஊற்றுப்பட, அந்த இடம் மட்டும் வெளுத்திருந்ததைக் கண்டு இந்தத் தொழில் தொடங்கியது என்று ஒரு கதை உண்டு. அந்த எண்ணெய் நாங்கள் குடிக்கும் விளக்கெண்ணெய் அல்ல. விளக்கு எரிக்கும், மண்ணெண்ணெய் போன்ற ஒன்று. பிற்காலத்தில் பெர்குளோரோஎதிலீன் என்ற இரசாயனம் உலகெங்கும் பரவியது. கடைக்காரர்கள் சுருக்கமாகப் 'பேர்க்' என்பார்கள்.

தண்ணீர் பட்டால் பருத்தி இழை ஊதிப் பருக்கும், பிறகு சுருங்கும். பழைய சாயம் கரையும். உலர் சலவைத் திரவத்தில் இழை அப்படி ஊதுவதில்லை. ஆகவேதான் பட்டையும் கம்பளியையும் அதில் போடச் சொல்கிறார்கள். ஆனால், அது எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. இளநீர், தேநீர், வியர்வை போன்ற நீர்க்கறைகளை அது நன்றாக எடுக்காது. வியர்வையின் உப்பு ஊறிய பட்டு, பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே நைந்திருக்கும். எந்தச் சலவையிலும் வெடிக்கலாம். சிலவகைப் பிளாஸ்ரிக் மணிகளும் சமுக்கிகளும் பேர்க்கில் கரைந்துவிடும். ஆகவே என் விரிப்பைச் சரியாக உலர் சலவை செய்திருந்தாலும் ஒன்றுமே நடந்திராது என்று என்னால் சொல்ல முடியாது. மடிப்பில் வெடித்ததில் பட்டின் வயதுக்கும், நான் எட்டு வருடம் ஒரே மடிப்பில் வைத்திருந்ததற்கும் பங்குண்டு. சிவப்பு ஊறியதும் பஞ்சு சுருங்கியதும் தண்ணீரால் வந்தவை. அந்தப் பங்கு கடையினுடையது.

இதைப் பிரித்தறிந்ததும் எனக்கு ஒரு தெளிவு வந்தது. 'பழைய துணி' என்று அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியைக் காட்டி மற்றப் பாதியை மறைத்திருக்கிறார்கள். காசு வாங்கியது உலர் சலவைக்கு, செய்தது தண்ணீர்ச் சலவை.

கடிதம்

கடைக்கு மீண்டும் போக நினைத்திருந்த நாட்களில்தான் 2007 ஜூன் 7ஆம் திகதி வந்தது. அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். 376 பேர். மறுநாள், மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து உத்தரவிட்டது. நான் விடுதியில் இருக்கவில்லை. வாடகை வீடு, பொலிஸ் பதிவும் இருந்தது. ஆயினும் அந்தக் கிழமை முழுவதும் கதவு தட்டும் ஒவ்வொரு சத்தத்துக்கும் நெஞ்சு அடித்தது. இந்த நேரத்தில், என் பெயரையும் முகவரியையும் எழுதி ஓர் அரசாங்க அலுவலகத்துக்கு முறைப்பாடு அனுப்புவதா? சலவைச் சீட்டைக் கிழித்தெறிந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

நான் தையல் பழக்கிய மாதர் நிலையத்தில் வேலை செய்த ஒரு சகோதரி, "அக்கா, இது பொலிசுக்குப் போற விசயமில்லை. பாவனையாளர் எண்ட முறையில கேக்கிறது. எங்களுக்கும் சட்டம் ஒண்டுதான்" என்றாள். அவள்தான் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தைப் பற்றிச் சொன்னவள். ஒரு சேவையைக் காசுக்குச் செய்பவர், உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது அச்சட்டத்தின்படி, எழுதாமலே உள்ள உத்தரவாதம். முறைப்பாட்டைச் சேவை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழிதானே என்று சிரித்தாள்.

இருவரும் இருந்து ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினோம். அம்மாவைப் பற்றியும் இடம்பெயர்வைப் பற்றியும் நான் எழுதியிருந்த பந்தியை அவள் மெதுவாக வெட்டினாள். "இது உண்மைதான் அக்கா. ஆனா அவையளுக்குத் தேவையானது வேற" என்றாள். கொடுத்த திகதி, எடுத்த திகதி, சீட்டு இலக்கம், கூலி, கொடுக்கும்போது இருந்த அளவு, இப்போதைய அளவு, சேதங்கள் ஒன்று இரண்டு மூன்று என்று இலக்கமிட்டு, கடைசியில் நான் கேட்பது என்ன என்று எழுதினோம். சீட்டினதும் அளவுக் கொப்பிப் பக்கத்தினதும் போட்டோப் பிரதிகளை இணைத்தோம். கடைக்கு ஒன்று, அதிகார சபைக்கு ஒன்று. ஜூன் 18ஆம் திகதி பதிவுத் தபாலில் போட்டேன். தபாற்கந்தோரில் பற்றுச்சீட்டை வாங்கும்போது கை நடுங்கியது.

அலுவலகத்தில் விசாரணை என்று ஒன்று நடக்கவில்லை. அதற்கு முன்பே, ஜூலையில், கடையின் முகாமையாளர் தானே வீட்டுக்கு வந்தார். விரிப்பை விரித்து, கொப்பியையும் நாடாவையும் பக்கத்தில் வைத்தேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, அந்தக் கிழமை இயந்திரம் பழுதாகியிருந்ததாகவும், வேலை தேங்கியதால் பின்வளவில் தண்ணீரில் அலசச் சொன்னதாகவும் ஒத்துக்கொண்டார். 650 ரூபாவைத் திருப்பித் தந்தார். சீட்டில் இருந்தபடி பத்து மடங்கு, 6,500 ரூபாவும் தந்தார். நான் கேட்டது 15,000. ஆயினும் ஒரு நிபந்தனையோடு ஏற்றுக்கொண்டேன். நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும் என்றேன். இரண்டு வரி எழுதினார். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. எங்களுக்கு நடந்தவற்றுள் ஒன்றையாவது, செய்தவரே 'ஆம், நாங்கள் செய்தோம்' என்று எழுதித் தந்தது எனது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான்.

கலியாணம் அதற்கு முன்பே ஆனியில் நடந்து முடிந்திருந்தது. அன்று வேறு விரிப்பு வாங்கி வைத்திருந்தேன். மகள் அதை எடுத்து ஒதுக்கிவிட்டு, சிவப்பு ஊறிய பழையதையே விரித்தாள். "அம்மம்மாவின்ட சீலையும் அப்பாவின்ட வேட்டியும் எப்பிடி இருந்தாலும் எனக்குப் போதும்" என்றாள்.

பின்னர் அந்த 6,500 ரூபாவில் ஒரு பகுதிக்கு மெல்லிய நெற் துணி வாங்கி, வெடித்த இடங்களின் மேல் வைத்துப் பட்டு நூலால் தைத்துப் பிடித்தேன். பஞ்சுக் கட்டிகளைப் பிரித்து எடுத்தேன். மண்ணிறக் கறையை மட்டும் தொடவில்லை. அதை எடுக்க ஏதோ மருந்து இருக்கிறது என்று சொன்னார்கள். எனக்கு வேண்டாம்.

சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்

எங்களில் பலரிடம் இப்படி ஏதாவது ஒரு துணி இருக்கும். ஒரு கூறை, ஒரு சால்வை, பிள்ளை தவழ்ந்த விரிப்பு. அதைச் சலவைக்குக் கொடுக்க நேர்ந்தால் இவற்றைக் கவனியுங்கள்.

1. தேவையில்லாமல் கொடுக்காதீர்கள். தூசும் மணமும்தான் பிரச்சினை என்றால், நிழலில் காற்றாட விரித்து, மெல்லிய துணியால் தட்டினாலே போதும். பூஞ்சணத்தை வீட்டுக்கு வெளியே வைத்து, காய்ந்த மென்மையான தூரிகையால் துடைத்து எடுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

2. சாயம் போகுமா என்று பார்க்க, நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியை உள்தையலோரத்தில் சில நிமிடம் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் தண்ணீர் ஆகாது. இதைக் கடையில் சொல்லுங்கள்.

3. வாங்கிய விரிப்பாக இருந்தால் ஓரத்தில் தைத்துள்ள சிட்டையைப் பாருங்கள். வட்டம் போட்டிருந்தால் உலர் சலவை செய்யலாம். வட்டத்தைக் குறுக்கே வெட்டியிருந்தால் செய்யக் கூடாது. வட்டத்துக்குள் 'பி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பேர்க் பயன்படுத்தலாம். 'எஃப்' எழுத்து இருந்தால் பேர்க் ஆகாது, பெற்றோலிய வகைத் திரவம் மட்டும்.

4. வேலையைக் கடையிலேயே செய்கிறார்களா, வெளியே அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். என்ன துணி, எத்தனை வருடம், எங்கே என்ன சிந்தியது, எங்கே நைந்திருக்கிறது என்பதைச் சொல்லி, அளவையும் பெறுமதியையும் சேர்த்துச் சீட்டில் எழுதுவியுங்கள். தெரியாத கறையையும் சொல்லுங்கள். இனிப்புக் கறை சூட்டில் வெளிவரும். இப்போது எல்லோர் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. கொடுக்கும்போதே இரு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள்.

5. திருப்பி எடுக்கும்போது கடையிலேயே, வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். சேதம் இருந்தால் அவர்களது சீட்டிலேயே எழுதுவியுங்கள். 'இன்னொரு தரம் போட்டுத் தாறம்' என்றால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். அதோடு அடையாளம் அழிந்துவிடும்.

6. பொலித்தீன் உறையைக் கழற்றி, மருந்து மணம் போகும்வரை காற்றில் போட்ட பின்பே படுக்கையில் விரியுங்கள். பேர்க் பெரும்பாலும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது. உலர் சலவையில் அதன் பாவனையைப் பத்து வருடத்துள் நிறுத்த அமெரிக்கா 2024 டிசெம்பரில் விதி செய்தது.

7. சேதம் நடந்தால் முதலில் கடைக்கு எழுத்தில் அறிவியுங்கள். பதில் இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுங்கள். தொலைபேசியில் கேட்க 1977 என்ற இலக்கம் உண்டு. உங்கள் பகுதி மத்தியஸ்த சபையையும் நாடலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை.

8. பத்திரப்படுத்தும்போது பொலித்தீனில் சுற்றாதீர்கள். கஞ்சி போடாத, தோய்த்த வெள்ளைப் பருத்தியில் சுற்றுங்கள். பூச்சி உருண்டை சரிகையில் படக் கூடாது. சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, மடிப்பை மாற்றி மடியுங்கள்.

இந்தக் கடைசிக் குறிப்பை நான் இப்போது தவறாமல் செய்கிறேன். தைப்பொங்கலுக்கும் ஆடிப்பிறப்புக்கும் விரிப்பை வெளியே எடுப்பேன். டோபி ஐயா இறந்து பல வருடங்களாகிவிட்டன. மகள் அதே பட்டை இப்போது தன் பிள்ளைகளுக்குக் காட்டுகிறாள். "இது ஏன் சிவந்து கிடக்கு, இது என்ன கறை" என்று அவர்கள் கேட்பார்கள். சிவந்ததற்குக் கடைக்காரர் எழுதித் தந்த தாளைக் காட்டுவேன். கறைக்கு, "உங்கட பூட்டி குடிச்ச இளநி" என்று சொல்வேன்.

உங்களிடமும் அப்படி ஒன்று கெட்டுப்போனால், 'இவ்வளவும் போச்சு, இதென்ன' என்று விட்டுவிடாதீர்கள் சகோதரிகளே. இவ்வளவும் போனபின் மிஞ்சியது அது. அதைப் பற்றிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.